புது நிரல் ஏறிவிட்டதா?

கீழவைப்பார்க் கரையில் வள்ளத்தைத் தள்ளுமுன் மீனவர் கைப்பேசியில் அலையின் உயரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த முன்னறிவிப்பைக் கணிப்பவை, ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கணினிகள். இப்படிப் பலருக்கும் தகவல் வழங்கும் கணினிகளைச் 'சர்வர்' என்கிறோம். அவற்றின் நிரல்களை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்ததும் திரையில் 'முடிந்தது' என்று வரும். உண்மையில் முடிந்ததா?

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் தாடைகளைச் சேர்த்துச் சுழிப்பிழை பார்க்கிறோம் அல்லவா? பெட்டியில் ஒட்டிய சீட்டை நம்புவதில்லை. (என் மாணவர்களில் பாதிப்பேர் நம்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.)

அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிடலின் கதையைக் கேளுங்கள். 2012-இல் அதன் எட்டுச் சர்வர்களில் புது நிரலை ஏற்றினர். ஏழில்தான் ஏறியது, எட்டாவது விடுபட்டது. வேறொருவர் சரிபார்க்கவில்லை. 2003 முதல் பயன்படாத பழைய நிரல் ஒன்று அதில் உறங்கிக் கிடந்தது. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், புது நிரலுக்கான குறியீடு அதனைத் தட்டி எழுப்பிவிட்டது! 212 ஆணைகள் 45 நிமிடங்களில் 40 இலட்சம் பரிமாற்றங்களாயின. பதறியவர்கள், சரியாக இருந்த ஏழிலிருந்தும் புது நிரலை நீக்கினர். நிலைமை மேலும் கெட்டது. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறக்குமுன்பே பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் வந்திருந்தன. எவரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை!

அப்படியானால் எவ்வாறு சோதிப்பது? கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் இட்டு 64 எழுத்துள்ள 'கைரேகை' பெறலாம். இம்முறைக்கு எஸ்.எச்.ஏ.-256 என்று பெயர். கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் கைரேகை அடியோடு மாறும். ஒவ்வொரு சர்வரிலும் அதை எடுத்து, வெளியிட்டவர் தந்ததோடு ஒப்பிட வேண்டும். இது வட்டில் உள்ளதை மட்டுமே காட்டும். நினைவகத்தில் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கலாம். மறுதொடக்கம் செய்யும்வரை அது அகலாது. ஆகவே, 'உன் பதிப்பு எண் என்ன?' என்று ஓடும் நிரலையே கேட்க வேண்டும். பிறகு விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கோப்பு குறைவின்றிச் சேர்ந்தும் கெடுதல் வரலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. நிரல் தந்ததோ 20. அனுப்புமுன் சோதித்த நிரலிலும் குறை இருந்ததால் பிழை பிடிபடவில்லை. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, அவை பிழைத்துக் கிடப்பதைப் பார்த்தபின் மற்றவற்றுக்கு அனுப்பும் முறைக்கு அந்நிறுவனம் அதன் பிறகே மாறியது.