கடலடியில் உறைந்த எரிமலைக் குழம்பு: தங்கம் ஓய்ந்த கோலாரில் எஞ்சியுள்ள 270 கோடி ஆண்டு சாட்சி

கோலார் தங்கவயல்: ஏரி நடுவே எழுந்து நிற்கும் எரிமலைப் பாறை என்றவுடன் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிரேட்டர் ஏரியே பலருக்கும் நினைவுக்கு வரும். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து உள்வாங்கியதால் உருவான அந்த ஏரியில், 'பேய்க்கப்பல்' எனப்படும் பாறைத் தீவு நீரிலிருந்து உயர்ந்து நிற்கிறது. அதன் வயது சுமார் 4 லட்சம் ஆண்டுகள்.

அதைவிட ஆறாயிரம் மடங்குக்கும் மேல் பழமையான எரிமலைப் பாறைகள் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பெத்தபள்ளி அருகே உள்ளன. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இப்பாறைகளை இந்திய புவியியல் ஆய்வு மையம் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

தலையணை வடிவம் எப்படி வந்தது?

இங்கு காணப்படும் பாறைகளில் ஒருவகை 'தலையணை லாவா' எனப்படுகிறது. நீருக்கடியில் எரிமலைக் குழம்பு வெளியேறும்போது, அதன் மேற்பரப்பு உடனடியாகக் குளிர்ந்து ஓடாக இறுகுகிறது. உள்ளே உருகிய நிலையிலுள்ள குழம்பு அந்த ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, மற்றொரு உருண்டையாக உறைகிறது. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட உருண்டைகளே தலையணைகளைப் போலத் தோற்றமளிக்கின்றன. எனவே, இன்று வறண்டு காணப்படும் இந்நிலம் ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்தது என்பதற்கு இப்பாறைகளே சான்று.

மற்றொரு வகை, எரிமலை வெடித்துச் சிதறியபோது வீசப்பட்ட கற்துண்டுகளும் சாம்பலும் ஒன்றாக இறுகி உருவானது. அமைதியாக வழிந்த குழம்பு, சீற்றத்துடன் வெடித்த எரிமலை ஆகிய இரண்டின் தடயங்களையும் ஒரே இடத்தில் காண முடிவது இதன் சிறப்பு.

தங்கத்துடன் தொடர்பு

காலப்போக்கில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இப்பகுதியின் எரிமலைப் பாறைகள் உருமாறின. பின்னர் அவற்றின் விரிசல்கள் வழியே பாய்ந்த வெந்நீர்க் கரைசல்கள், வெண்ணிறப் படிகக் கற்களுடன் தங்கத்தையும் படியச் செய்தன. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய நவீன சுரங்கப் பணி தேடிச் சென்றது இந்தத் தங்க ரேகைகளையே. வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை வெட்டி எடுத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. மொத்தம் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுக்கப்பட்ட நிலையில், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாதுகாப்பு ஏன் தேவை?

கர்நாடகத்தில் பெங்களூரு லால்பாக் பாறை, மாரடிஹள்ளி தலையணை லாவா, உடுப்பி அருகேயுள்ள செயின்ட் மேரிஸ் தீவின் தூண் பாறைகள் ஆகியவையும் புவியியல் நினைவுச் சின்னங்களாக உள்ளன. லால்பாக் பூங்காவுக்கும் செயின்ட் மேரிஸ் தீவுக்கும் சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகின்றனர். ஆனால், பெத்தபள்ளிப் பாறைகளோ பார்வைக்குச் சாதாரணக் கற்களைப் போலவே இருப்பதால், விவரம் அறியாதவர்கள் எளிதில் கடந்து சென்றுவிடக்கூடும்.

கோயிலோ கோட்டையோ சிதைந்தால், பழைய படங்களைக் கொண்டு ஓரளவு சீரமைக்கலாம். உடைத்து ஜல்லியாக்கப்பட்ட பாறையை மீண்டும் உருவாக்க இயலாது. இத்தகைய இடங்களைக் காக்கும் நோக்கில், புவிப் பாரம்பரியத் தலங்களுக்கான வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்துகளைக் கோரியது.

கோலாரின் தங்கம் வெட்டி எடுக்கப்பட்டு ஊரைவிட்டுச் சென்றுவிட்டது. அத்தங்கத்துக்கு இடமளித்த எரிமலையின் வரலாறு மட்டும், பெத்தபள்ளியில் இன்னும் மண்ணுக்கு மேலேயே உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.