தோள் கொடுக்கும் இயந்திரம்

‘இயந்திர மனிதன்’ என்றதும் திரைப்படங்களில் வரும் இரும்பு உருவமே நம் நினைவுக்கு வருகிறது. ‘ரோபோ’ என்னும் சொல் பிறந்ததும் ஒரு நாடகத்தில்தான். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டு எழுதிய நாடகம் அது. கட்டாய உழைப்பு என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். ஆனால் தொழிற்சாலை ரோபோவுக்கு முகமும் இல்லை, காலும் இல்லை. பெரும்பாலும் அது ஒற்றைக் கை மட்டுமே!

1961இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ‘யூனிமேட்’ என்னும் ரோபோ வேலைக்கு வந்தது. சூடான உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் பணி. இன்று நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் கார் உடலைப் பற்றவைப்பவை ரோபோக்களே. இத்தகைய ரோபோக்கள் வலிமை மிக்கவை. ஆனால் குறுக்கே வந்தது இரும்பா, மனிதக் கையா என்று அறியாதவை. ஆகவே அவற்றைச் சுற்றி வேலி போடுகிறார்கள்.

வேலியின்றி மனிதரின் அருகிலேயே நின்று வேலை செய்யும் ரோபோ இருந்தால் என்ன? அந்த எண்ணத்தில் பிறந்ததே ‘கோபாட்’. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2005இல் தொடங்கப்பட்ட யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008இல் தன் முதல் கோபாட்டை விற்றது. ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள அந்தக் கை 5 கிலோவைத் தூக்கும். அதன் மூட்டுகளில் உள்ள மோட்டார்கள் எதிர்ப்படும் விசையைக் கணிக்கின்றன. நம் கையில் மோதி, எதிர்விசை குறித்த அளவைத் தாண்டினால் அது நின்றுவிடும். அதற்கு வேலை கற்பிப்பதும் எளிது. குழந்தையின் கையைப் பிடித்து மணலில் ‘அ’ எழுதப் பழக்குவது போல, அதன் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினால் அதையே திரும்பத் திரும்பச் செய்யும்.

இக்கருவி நம் மதுரைக்கும் வந்துவிட்டது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992இல் ‘அரோலேப்’ நிறுவப்பட்டது. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் வில்லையை அது குறைந்த விலையில் தயாரித்து, ஏழை எளியோருக்கும் எட்டச் செய்தது. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குத் துணையாகக் கோபாட்டுகளும் உழைக்கின்றன.

கை மட்டும் இருந்தால் போதுமா? செய்தியும் வேண்டும் அல்லவா! ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் சென்சார்கள் உண்டு. வெப்பம், அதிர்வு, செய்து முடித்த பொருள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அவை கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தேய்ந்த பேரிங்கின் அதிர்வு கூடினால், அது உடையும் முன்பே எச்சரிக்கை வந்துவிடும். ஒரு பொருளில் குறை தெரிந்தால், அது எந்த நாளில், எந்த இயந்திரத்தில் உருவானது என்று தேடிப் பிடிக்கலாம்.

இனி நம் செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி உச்சிவரை கல் சுமந்த தோள்கள் எத்தனையோ! இன்றும் நெல் மூட்டை சுமக்கும் தோள்களை நம் விற்பனைக் கூடத்தில் காண்கிறோம். அந்தச் சுமையை இயந்திரம் ஏற்றால் நன்மையே. ஆனால் சுமையோடு கூலியும் போய்விட்டால்? முறமும் கையுமாகப் பெண்கள் கறுப்பு அரிசி பொறுக்கிய வேலையை, ஆலைகளில் இன்று கேமரா பொருத்திய ‘கலர் சார்ட்டர்’ செய்கிறது. கூலி இழந்தவருக்கு வேறு வேலை கற்பிக்காவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரிவது எப்படி?

இக்கேள்விக்கு இயந்திரம் விடை சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுத் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தியுள்ளது. ரோபோவை இயக்கும் பயிற்சி ஆண்களுக்கே உரியது என்று நாம் ஒதுங்கி நிற்கலாமா? கோபாட்டுக்குக் கற்பிக்க உடல் வலிமை தேவையில்லை. வேலையின் நுணுக்கம் தெரிந்த கையே தேவை. அந்த நுணுக்கம் முறம் பிடித்த நம் தாய்மாரிடமும் உண்டு. அவர்களுக்கும் அப்பயிற்சி கிடைக்கும்போதுதான், தோள் கொடுக்கும் இயந்திரம் என்று அதை நாம் மனமார அழைக்கலாம்.