மீதி ஒன்பது யாருடையது?

கிறிஸ்தவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தசமபாகம் என்பது அதற்குப் பெயர். ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதும் நம் இஷ்டம் என்று, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களே பலர் நினைக்கிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே இதை நிதானமாகப் பார்ப்போம்.

இந்தப் பத்தில் ஒன்று எதற்காக வந்தது? பழைய இஸ்ரவேலில் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது, ஆலயப் பணி செய்த லேவியருக்குப் பங்கில்லை. மற்றவர்கள் விளைச்சலில் பத்தில் ஒன்று அவர்களுக்குச் சாப்பாடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அது அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டது. அநாதைகள், விதவைகள், பிழைக்க வந்த அந்நியர்கள் எல்லோரும் அதில் சாப்பிட்டார்கள். மீதி ஒன்பதுக்கும் சட்டம் இருந்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகளுக்கு விட வேண்டும். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கூடாது. கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பொதட்டூர்பேட்டை தறி ஓடும் ஊர். கூலிக்கு நெய்கிறவருக்கு நூலை முதலாளி தருகிறார். தறி நெசவாளர் வீட்டில் ஓடுகிறது, நூலும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் நூல் அவருடையதல்ல. கூலியை வாங்கி மகிழ்ச்சியாகச் சாப்பிடலாம். நூலை விற்கவும் முடியாது, பரணில் பதுக்கவும் முடியாது. துணியாக்கித் திருப்ப வேண்டும். கிறிஸ்தவம் பணத்தைப் பார்ப்பதும் இப்படித்தான்: பத்துமே கடவுளுடையது, நாம் பொறுப்பாளர்கள். இயேசு சொன்ன தாலந்து உவமையில் திட்டு வாங்கும் வேலைக்காரன் எதையும் திருடவில்லை. எசமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்து வைத்தான், அவ்வளவுதான்.

பொறுப்பாளர் என்றதும் பணக்காரரை மட்டும் நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் நண்பர்களோடு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் மக்களின் காணிக்கையிலேயே அது நடக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. தெலுங்கு பேசும் பகுதியிலுள்ள தோர்ணக்கல் அவர்களுடைய பணித்தளம் ஆனது. 1912-இல் அங்கே பேராயரான அசரியா, கொடுத்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் ஏழைக் கூலிகள். அவர்களையும் கொடுக்கச் சொன்னதை நான் பெரிய மரியாதையாகவே பார்க்கிறேன்; வாங்குகிறவர்கள் என்றே ஒதுக்கப்பட்டவர்களைப் பொறுப்பாளர்களாக நடத்தினார். கொடுப்பதற்குப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை: மிசோரமில் இன்றும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிறார்கள்.

காணிக்கை போட்டால் பல மடங்காகத் திரும்பும் என்று மேடையில் வாக்குக் கொடுப்பவர்களைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அது கடவுளோடு சீட்டுப் போடுகிற பேச்சு. கொடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும், சம்பாதித்த வழிக்கும் கணக்கு உண்டு. வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று பைபிளில் யாக்கோபின் நிருபம் எச்சரிக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஆலை நடத்தும் ஒரு கிறிஸ்தவர் ஒப்பந்தத் தொழிலாளியின் ஓவர்டைம் காசை நிறுத்திவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தசமபாகக் கவரை நிரப்பினால், அந்தக் காசை முதலில் தொழிலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பைபிளில் வரும், வரி வசூலித்த சகேயு அதைத்தான் செய்தார்: சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றார், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.