முதல் சாக்கெட் நிலைக்காது

செயற்கைக் கால் என்றதும் நம் கண் பாதத்தைத்தான் தேடும். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம், சம்மணமிடவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் இடம் கொடுத்ததால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் நடப்பாரா, காலைக் கழற்றி மூலையில் வைப்பாரா என்பது பெரும்பாலும் சாக்கெட்டைப் பொறுத்தது. எஞ்சிய காலை, அதாவது ஸ்டம்பை, உள்வாங்கும் கூடு அது. முதல் சாக்கெட்டைக் கொடுக்கும்போதே, அதை மாற்ற வரவேண்டிய நாளையும் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பேன்.

அறுவை சிகிச்சையின் வீக்கம் முதல் சில மாதங்களில் வேகமாக வடிகிறது. கணுக்காலை அசைக்கும் வேலை போய்விட்டதால் கெண்டைத் தசையும் மெலிகிறது. வடிவம் ஓரளவு நிலைபெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தசை இளைக்கும், எலும்பு இளைக்காது, சிக்கலே இதுதான். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான சாக்கெட் வடிவம், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் மீது எடையின் பெரும்பங்கை ஏற்றி, எலும்பு துருத்தும் இடங்களுக்கு விலக்குத் தருகிறது. ஸ்டம்ப் மெலிந்தால் கால் உள்ளே இறங்கிவிடும். தசைநாருக்காக வைத்த மேடு சில்லின் அடிவிளிம்பை அழுத்தும், எலும்பு நுனி அடியில் இடிக்கும். நீரிழிவால் உணர்வு மரத்தவருக்கு அதனால் புண் வந்ததே தெரியாது.

ஸ்டம்பின் மேல் காலுறைகளைக் கூட்டிப் போட்டால் போதாதா? தினசரி ஏற்ற இறக்கத்துக்கு அது நல்ல வழி. காலையில் ஒன்று போட்டவர் மாலையில் இன்னொன்று சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் காலுறை எல்லாப் பக்கமும் ஒரே கனமாகத் தடிக்கிறது, ஸ்டம்போ அப்படி மெலிவதில்லை. அப்படியானால் முழுக்க வற்றும்வரை காத்திருக்கலாமே என்றால், அதற்குள் முழங்கால் மடங்கி இறுகிவிடும், தொடையும் பலமிழக்கும். நடப்பதுதான் வீக்கத்தை வடியவைக்கிறது. செலவு என்ற மறுப்பு கனமானது, மறுக்கவில்லை. ஆனால் ஜெய்ப்பூர் முறையில் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துச் சாக்கெட் செய்கிறார்கள்; ஒரே நாளில் முடியும். எளியவருக்குச் சுமை, மறுபடி வருவதற்கான பேருந்துக் காசும் அன்றைய கூலியும்தான். செயற்கைக் கால் முகாம் நடத்துவோர் அதையும் கணக்கில் சேர்க்கட்டும். யாரை முதலில் அழைப்பது என்பதற்குத் தொலைபேசியில் ஒரு கேள்வி போதும்: இப்போது எத்தனை காலுறை போடுகிறீர்கள்?