மூத்தோரின் மொழி: இழப்பும் இருப்பும்

முதுமைக்கு ஆயத்தமாவது என்றதும் நம் நினைவுக்கு வருவன சேமநிதி, காப்புறுதி, நடைப்பயிற்சி, இரத்த அழுத்தம் ஆகியவையே. மொழியை அப்பட்டியலில் சேர்ப்போர் மிகச் சிலர். ஆயினும், நோவு எங்கே என்று உரைப்பதும், வேண்டாத ஒன்றை வேண்டாம் என மறுப்பதும், பேரப்பிள்ளையோடு சிரித்து மகிழ்வதும் மொழியால்தான் இயலும். முதுமையில் மொழி எவ்வாறு மாறுகிறது என்பதை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருப்பது நலம்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடலாம். அறுபதைக் கடந்த ஒருவருக்குத் தெரிந்தவர் பெயர் சட்டென்று வாராவிடில், மறதிநோய் தொடங்கிவிட்டதென்று கலங்குகிறார். ‘நெஞ்சில் இருக்கிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது’ என்று நாம் சொல்லும் இந்நிலையை உளமொழியியலார் 1960களிலிருந்தே ஆராய்ந்து வருகின்றனர். பொருள் மனத்தில் தெளிவாக இருக்கும், முதலெழுத்துக்கூடத் தோன்றும், முழு ஒலிவடிவம் மட்டும் கிட்டாது. இயற்பெயர்களே இதில் மிகுதியாகச் சிக்குகின்றன. ‘மருத்துவர்’ என்னும் சொல்லோடு மருந்து, ஊசி, நோய் எனப் பல சொற்கள் பின்னிக் கிடக்கின்றன. ‘மாணிக்கம்’ என்னும் பெயருக்கும் அவர் முகத்துக்கும் இடையே உள்ளதோ ஒற்றை இழை. அவ்விழை வயதேற ஏறத் தளர்வது இயல்பு. ஆனால் சொல்வளம் அவ்வாறு குன்றுவதில்லை. அறுபது வயதிலும் அது பெருகக்கூடும். கேட்ட கேள்வியையே சில நிமிடங்களுக்குள் மீண்டும் மீண்டும் கேட்பதும், நெடுநாள் பழகிய வழியில் தடுமாறுவதும் வேறு. அவை தென்பட்டால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

அடுத்தது செவி. மூப்பில் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் உரத்தவை, அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிப்புகளோ மெலிந்தவை. கணப்பொழுதில் தோன்றி மறைபவை. அதனால் ‘பாட்டு’ என்றதும் ‘பாக்கு’ என்றதும் ஒன்றுபோல் விழும். ‘சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை’ என்று பெரியவர்கள் சொல்வது சாக்குப்போக்கன்று, ஒலியியல் உண்மை. நாம் கூச்சலிட்டால் பெரிதும் உயிரொலிதான் பெருக்கமடையும். முகம் தெரியும்படி நின்று, சற்று நிதானமாகப் பேசுவதே பயன்தரும். மறதிநோய்க்கான, மாற்றியமைக்கத்தக்க இடர்க்காரணிகளாக லான்செட் ஆணையம் 2020இல் 12ஐயும் 2024இல் 14ஐயும் வரிசைப்படுத்தியது. இரண்டிலும் கேள்வித்திறன் இழப்பு இடம்பெற்றுள்ளது. மூக்குக்கண்ணாடிக்கு நாணாத நாம் காதுக்கருவிக்கு ஏன் நாணுகிறோமோ, அறியேன்.

இருமொழியாளர் பற்றியும் ஒரு சொல். கனடாவில் பியாலிஸ்டாக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோயின் அறிகுறிகள் இருமொழியாளரிடம் ஏறத்தாழ நான்காண்டு பிந்தித் தோன்றியதாகக் கண்டனர். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு, அவ்விடைவெளியை நான்கரை ஆண்டு என்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை உறுதிப்படுத்தவில்லை. எனவே ‘இரு மொழி பேசினால் மறதிநோய் வாராது’ என மேடையில் முழங்குவோரோடு நான் உடன்படுவதில்லை. பிந்தித் தோன்றுதல் வேறு, தோன்றாமை வேறு.

நம்மை உண்மையில் வருத்த வேண்டியது மற்றொன்று. பிந்திக் கற்றவை முந்தி மறையும், இளமையில் பதிந்தவை நெடிது நிற்கும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இல் எழுதினார். எல்லா நோயாளிக்கும் இது பொருந்துவதில்லை. ஆயினும் பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழியே எஞ்சும் முதியவர்களை நாம் காண்கிறோம். எனக்கு உறவான பெரியவர் ஒருவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பணியாற்றியவர். அண்டை அயலாரோடு சந்தை மலாய், மேலாளரோடு ஆங்கிலம், வீட்டில் தமிழ் என வாழ்ந்தார். மறதிநோய் முற்றியபின் ஆங்கிலமும் மலாயும் அகன்றன. மருத்துவமனையில் இருந்தபோது ‘நெஞ்சக் கரிக்குது’ என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழறியாத செவிலியர் அதைக் குழறல் என்று கருதினர்; அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. மறுநாள் வந்த பேரன் பள்ளித் தமிழில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவன். ‘கரி’ என்பது அடுப்புக்கரியாகவோ யானையாகவோ மட்டுமே அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்பிள்ளை மீதும் குற்றமில்லை. குத்துவலி, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, மரத்துப்போதல், வயிறு பொருமுதல், தலை கிறுகிறுத்தல் என நோவுக்குத் தமிழில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உணர்வைச் சுட்டுவன; மருத்துவருக்கு அவ்வேறுபாடு இன்றியமையாதது. அவற்றையெல்லாம் ‘வலி’ என்னும் ஒன்றில் அடக்கிவிட்டோம். இவை பெரும்பாலும் வீட்டுப் பேச்சில் வாழ்பவை. 2010இல் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசினர் என்ற சிங்கப்பூர்க் கணக்கெடுப்பு, 2020இல் அது 48.3 விழுக்காடு எனக் காட்டியது. அவ்வீடுகளில் இச்சொற்களைப் பிள்ளைகள் எங்கே கேட்பர்? உயர்நிலை வகுப்பில் மாணவர் தம் பாட்டி தாத்தாவிடமிருந்து இவற்றைத் திரட்டி வரலாம். எது தோலில், எது மூட்டில், எது வயிற்றில் என்று வகைப்படுத்தலாம். அது நல்ல சொற்பொருளியல் பயிற்சியுமாகும்.

பராமரிப்போர் பேச்சிலும் ஒன்று கருதத்தக்கது. ‘நாம மாத்திரை சாப்பிடலாமா?’ என்று குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் கேட்பர். தமிழின் ‘நாம்’ கேட்பவரையும் உளப்படுத்தும் பன்மை. மாத்திரை விழுங்கப்போகிறவரோ ஒருவர்தாம். எண்பது வயதுக்காரரைச் சிறுபிள்ளையாக்கும் இப்பேச்சு, மறதிநோயாளரின் ஒத்துழைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘நீங்கள்’ போதும்.

மனத்திறன் இழந்த பின் தமக்காக முடிவெடுக்க வேண்டியவரை முன்னரே நியமிக்கும் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்துக்கு, 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இங்கு வழிசெய்துள்ளது. 21 வயது நிறைந்தவர், தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே அதைச் செய்துகொள்ள வேண்டும், பின்னர் இயலாது. சொத்து, உடல்நலம் பற்றி அதில் முடிவாகும். அத்துடன் ஒரு தாளில் நம் மொழியைப் பற்றியும் எழுதிவைக்கலாம்: எம்மொழியில் பேசினால் நமக்கு நன்கு விளங்கும், எந்தக் காதில் நன்கு கேட்கும், எவ்வாறு அழைக்கப்பட விரும்புகிறோம், நோவைச் சுட்ட வீட்டில் நாம் வழங்கும் சொற்கள் யாவை, அவற்றின் ஆங்கிலப் பொருள் என்ன. அந்தப் பெரியவருக்காக அவர் பேரன் எழுதிய தாளில் பதினொரு சொற்கள் இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் அதை ஒட்டிவைத்தோம். அடுத்த வாரம் செவிலியர் ஒருவர் பன்னிரண்டாவதாக ஒரு சொல்லைக் கேட்டு, ஆங்கில எழுத்தில் அதன்கீழ் எழுதியிருந்தார்.