மீன் கிருமிக்குப் பெயர் மாறினால் நமக்கென்ன?

1994இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், நோயுற்ற மீன்களில் கண்ட பாக்டீரியாவுக்கு 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஃபிசில்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். மீனுக்குத்தானே வருது, நமக்கென்ன என்று தோணலாம்.

ஆனால் புரதங்களையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, அது புதிய இனமே இல்லை எனத் தெரிந்தது. பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்றை ஏற்படுத்தும் 'குரூப் பி ஸ்ட்ரெப்' கிருமிதான் அது! 2005இல் வெளியான ஆய்வும் அதை உறுதிப்படுத்தியது.

இது ஏன் முக்கியம்? மீனிலும் மனிதரிலும் ஒரே இனம் என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றலாமா என்ற கேள்வி எழும்.

2015இல் சிங்கப்பூரில் பதில் கிடைத்தது. பச்சையாக நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கும்கூட, அதே இனத்தின் இன்னொரு வகை தொற்றியது. டிசம்பரில், பச்சை நன்னீர் மீன் உணவுகளைக் கடைகளில் விற்கத் தடை வந்தது.

நன்கு சமைத்தால் கிருமி செத்துடும். அதனால் நன்னீர் மீனை வேகவைத்தே சாப்பிடுங்க.