ஸ்டாப்பர் பேக் கோச் ஆகும் வழி

1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. கேப்டன் வி.பி. சத்யன். கண்ணூர் மாவட்டத்துச் சொக்லியில் பிறந்த ஸ்டாப்பர் பேக். கேரள போலீஸ் அணி 1990-ல் திருச்சூரிலும் 1991-ல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற காலத்தில் அதன் தடுப்பு வரிசையைத் தாங்கியவர். 1992-ல் கோவையில் கேரளம் சந்தோஷ் கோப்பையை எடுத்தபோதும் அவரே கேப்டன். முன்னால் நின்ற ஐ.எம். விஜயனின் கோல்களை இன்றும் பேசுகிறார்கள். பின்னால் நின்ற சத்யன் விழாமல் தடுத்தவை எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறவில்லை.

அவர் கோச் ஆன விதம் அந்தக் காலத்து வழக்கப்படிதான். சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார், வங்கி அணிக்கு ஆடினார், ஆட்டம் முடிந்த பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். வேலை மாறவில்லை; மைதானத்தில் நிற்கும் இடம் மட்டும் கோட்டுக்கு வெளியே நகர்ந்தது. எண்பது, தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஃபுட்பால் ஆடியவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, துறைமுகம், போலீஸ் என்று அலுவலகங்களின் பெயரில்தான் அணிகள் இருந்தன. வேலைக்காக ஆடினார்கள், ஆடியதால் கோச் ஆனார்கள். 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா வைத்திருந்தால் தனி மரியாதை. இல்லாதவரையும் யாரும் போகச் சொன்னதில்லை.

அந்த வழியில் சோறு இருந்தது. காயத்தின் வலி, ஆட்டம் போன பிறகு வரும் வெறுமை, இவற்றைக் கேட்க ஆள் இல்லை. மனச்சோர்வோடு போராடிய சத்யன் 2006 ஜூலை 18 அன்று சென்னையில் மறைந்தார். வயது 41. 2018-ல் ஜெயசூர்யா நடித்த 'கேப்டன்' என்ற மலையாளப் படம் வந்த பிறகுதான் நம் பக்கத்துப் பையன்கள் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். நாட்டுக்குக் கேப்டனாக இருந்த ஒருவர் நம் தலைநகரில் வாழ்ந்தார், நம் வங்கி அணியைப் பயிற்றுவித்தார். அவரை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹைதராபாத்தின் சையது நயீமுதீனும் பேக்தான். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் கேப்டன். பயிற்சியாளராக ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், இந்திய அணி, வங்கதேச அணி என்று போனார். கற்றுக்கொடுத்ததற்கான துரோணாச்சார்யா விருது 1990-ல் வந்தது. ஆடியதற்கான அர்ஜுனா விருது அதற்கும் ஏழு ஆண்டு கழித்து, 1997-ல்.

தடுப்பாட்டக்காரர்கள் நல்ல கோச் ஆவதற்குக் காரணம் அவர்கள் நிற்கும் இடம் என்றே நினைக்கிறேன். ஃபார்வர்டுக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. ஸ்டாப்பர் பேக்குக்குத் தன் கோலியைத் தவிர எல்லாரும் கண் முன்னால் இருக்கிறார்கள். யார் இடம் மாறி நிற்கிறார், எந்த விங் திறந்து கிடக்கிறது என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பவர் அவர்தான். ஜெர்மனியின் பெக்கன்பவர் 1974-ல் கேப்டனாகவும் 1990-ல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையைத் தூக்கியதை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம்.

நம் டெல்டாவில் அந்த இடத்துக்கு யாரை நிறுத்துவோம்? புதிதாக வந்தவனை, ஓட்டம் குறைந்தவனை. "நீ பேக்குல நில்லுடா" என்பதில் கௌரவம் எதுவும் கிடையாது. ஆட இடம் கிடைப்பதே பெரிது. சம்பா அறுவடைக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால் தை, மாசியில் வயல் பையன்களுக்குக் கிடைக்காது. உளுந்து எடுத்து முடிந்து, சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதுதான் கம்பு நட்டுக் கோல் போஸ்ட் போடுவார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு பள்ளி மைதானம், குளத்தங்கரைத் திடல், ஊர்ப் பொட்டல். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் ஃபுட்பால் வெறி கொஞ்சம் கூடுதல். வெடிப்பு நிலத்தில் எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத பந்தைக் கடைசி ஆளாக நின்று நிறுத்திப் பழகிய கால்கள் லேசானவை அல்ல. இந்த மண்ணில் நல்ல பேக்குகளுக்குப் பஞ்சம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் இல்லாததுதான் குறை.

தஞ்சாவூரிலிருந்து அப்படித் தப்பிப் பிழைத்து மேலே போனவர் காலியா குலோத்துங்கன். பேக் அல்ல, நடுக்களத்துக்காரர். ஆனாலும் இந்தக் கதையில் அவர் இல்லாமல் முடியாது. 2003 ஜூலையில் ஜகார்த்தாவில், பாங்காக்கின் பி.இ.சி. டேரோ சாசனாவை 3-1 என்று வென்று ஆசியான் கிளப் கோப்பையை எடுத்த ஈஸ்ட் பெங்கால் அணியில் அவர் இருந்தார். பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். தடுப்பில் கோவாவின் மகேஷ் கவ்லி, நடுவில் பெங்களூரின் சண்முகம் வெங்கடேஷ். தஞ்சைக்காரர் ஒருவர் இந்தியக் கிளப் கால்பந்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றில் பங்கு பெற்றார். ஊரில் அது எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்து ஆண்டில் காலம் மாறிவிட்டது. 2012-13 ஐ-லீக்கைச் சர்ச்சில் பிரதர்ஸ் வென்றது. அந்த அணியின் தடுப்பு வரிசையில் திருச்சிக்காரர் தர்மராஜ் ராவணன். அணியை வழிநடத்தியவர் அதே பௌமிக். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெயர் மாரியானோ டயஸுக்கு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ லைசென்ஸ் இல்லாததால் பௌமிக் 'டெக்னிக்கல் டைரக்டர்' என்ற பெயரில்தான் உட்கார முடிந்தது. ஜகார்த்தாவில் கோப்பை வாங்கித் தந்தவருக்கே அந்த நிலை.

அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டமே மாறிவிட்டது. 1992-ல் கோலி தன் ஆள் காலால் தட்டித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதுவரை ஆபத்து வந்தால் பேக் பந்தைக் கோலியிடம் தள்ளிவிட்டு மூச்சு விடலாம். 2019 முதல் கோல் கிக்கைப் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே வாங்கலாம். ஓங்கி உதைத்து வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்த ஸ்டாப்பர் பேக், இன்று எதிரணி மேலே விழும்போது நிதானமாக முதல் பாஸைப் போட வேண்டியவர். அதைக் கற்றுக்கொடுக்கத் தான் ஆடிய அனுபவம் மட்டும் போதாது. டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஒவ்வொரு படியாகப் படிக்கத்தான் வேண்டும். கவ்லி இந்திய அணியின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். வெங்கடேஷ் பயிற்றுவித்த 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி 2022-ல் தெற்காசியக் கோப்பையை வென்றது. தொழிலாகவே கோச்சிங் என்று ஒன்று இன்று இருக்கிறது. சத்யன் காலத்தில் அது இல்லை.

குலோத்துங்கன் 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் சாலை விபத்தில் போய்விட்டார். நாற்பதை ஒட்டிய வயது. ஜகார்த்தாவில் அவரோடு ஆடியவர்கள் பயிற்றுவிக்கும் அணிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது.

ஆனால் பழைய வழி அடைபட்ட அளவுக்குப் புதிய வழி டெல்டாவை எட்டவில்லை. வங்கிகள் முன்போல் ஆட்டக்காரர்களை எடுப்பதில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அது நல்லது. 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் என்று அறிவித்தார்கள். அதுவும் நல்லதே. பந்து ஊருக்கு வந்துவிட்டது. விசில் பிடிக்க யார்? பெரும்பாலும் கபடி, தடகளம், வாலிபால் எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்கும் பி.டி. மாஸ்டர். லைசென்ஸ் வகுப்புகளோ பெரும்பாலும் பெருநகரங்களில். கட்டணம், தங்கும் செலவு, விடுப்பு எல்லாம் கைக்காசு. அதோடு அந்த லைசென்ஸுக்குச் சம்பளம் தரும் கிளப் இந்தப் பக்கம் எது?

என் கேட்பு இதுதான்: கோடை விடுமுறையில் டி லைசென்ஸ் வகுப்பு தஞ்சை அன்னை சத்யா மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கட்டும். கட்டணத்தை மாவட்ட நிர்வாகமோ விளையாட்டு ஆணையமோ ஏற்கட்டும். பட்டுக்கோட்டையிலிருந்து வரும் பி.டி. மாஸ்டர், ஆடி முடித்த போலீஸ்காரர், முப்பத்தைந்து வயதில் முட்டி தேய்ந்து ஊர் திரும்பிய ஸ்டாப்பர் பேக் ஆகிய மூவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.